வஸ்வாஸும் வைத்தியமும்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரது குடும்பத்தினர், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

ஸுபஹ் பாங்கு ஒலித்து அரைமணி நேரமாகியும் குழாயடியை விட்டு எழும்ப முடியாத ஓர் இளைஞனை மனக்கண்முன் நிறுத்திக் கொள்ளுங்கள். முழங்கை நனைந்ததைக் கண்ணால் கண்டான். உள்ளமோ ஏற்க மறுக்கிறது. மீண்டும் கழுவுகிறான். கைத்தோல் வெடித்து இரத்தம் கசிகிறது. தொழ நின்றால் தக்பீரைத் திரும்பத் திரும்பக் கட்டுகிறான். "மகன், போதும், வெளியே வாங்க" என்று உம்மா கதவைத் தட்டுகிறார். "பேணுதலான பிள்ளை" என்று ஆரம்பத்தில் மகிழ்ந்த வாப்பா, தண்ணீர் ஓதித் தருவோரைத் தேடி இப்போது அலைகிறார்.

இது பேணுதல் அன்று. நபியவர்கள் ஒரு முத் அளவு தண்ணீரில் வுழூச் செய்தார்கள் என்பது ஸஹீஹான ஹதீஸ். ஒரு முத் என்பது சராசரி மனிதன் இரு கைகளாலும் சேர்த்து அள்ளும் அளவு. ஒரு லீற்றரைக்கூட எட்டாது. அந்த இளைஞனோ வாளி வாளியாக ஊற்றியும் திருப்தி காண்பதில்லை.

வேறு சிலரை வாட்டுவது தண்ணீர் அன்று. அல்லாஹ்வைப் பற்றியே வாயால் சொல்லவொண்ணாத எண்ணங்கள் விரும்பாமலே வந்து மோதுகின்றன. "நான் காபிராகிவிட்டேனோ" என்று நடுங்கும் பிள்ளையே! ஸஹாபாக்களும் அத்தகைய எண்ணங்களை நபியவர்களிடம் முறையிட்டார்கள். அவற்றை வெளியே சொல்லவும் அவர்கள் அஞ்சிய அந்த அச்சத்தை, ஈமானின் தெளிவான அடையாளமாகவே நபியவர்கள் கண்டார்கள்.

எல்லா ஊசலாட்டமும் நோயல்ல. அது நாளொன்றில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்கி, படிப்பையும் தொழிலையும் உறவையும் குலைக்குமாயின், அதனை ஓ.சி.டி. என வைத்தியர்கள் இனங்காண்கிறார்கள். நூறு பேரில் ஏறத்தாழ இருவரை வாழ்நாளில் இது பீடிக்கிறது. பெரும்பாலும் இளவயதிலேயே தலைகாட்டுகிறது. மேற்குலகின் புதுக் கண்டுபிடிப்பு என்று இதனைத் தள்ளிவிட வேண்டாம். ஹிஜ்ரி மூன்றாம், நான்காம் நூற்றாண்டுகளில் வாழ்ந்து கி.பி. 934 இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடலினதும் ஆன்மாவினதும் நலன் பற்றிய தமது நூலில் வஸ்வாஸை நோயாகவே எடுத்து ஆராய்ந்துள்ளார்.

"மனச்சோர்வுக்கான குளிசையை என் பிள்ளைக்கு ஏன் தருகிறார்கள்? அவன் பைத்தியமா?" என்று கேட்கும் பெற்றோர் பலர். மூளையில் செரட்டோனின் என்னும் இரசாயனத்தின் செயற்பாட்டில் தாக்கஞ் செலுத்தும் சில மருந்துகள் இந்நோய்க்கும் பயன் தருகின்றன. அமெரிக்காவில் குளோமிப்ரமின் 1989 இல் இதற்கென அங்கீகரிக்கப்பட்டது. இப்போது பெரும்பாலும் புளூஒக்ஸிட்டின், சேர்ட்ரலின் போன்றவையே முதலில் தரப்படுகின்றன. மனச்சோர்வுக்குத் தேவைப்படுவதை விடக் கூடிய அளவு இதற்குத் தேவைப்படலாம். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் செல்லும். இரண்டாம் வாரத்திலேயே "ஒன்றும் நடக்கவில்லை" என்று குளிசையைக் குப்பையில் எறிந்த வீடுகள் எத்தனை!

முதல் நாட்களில் குமட்டல், தலைவலி, தூக்கக் குழப்பம் வரக்கூடும். தாம்பத்திய உறவில் நாட்டம் குறைவதும் உண்டு. வெட்கத்தால் மறைக்காமல் வைத்தியரிடம் கூறுங்கள். இருபத்தைந்து வயதுக்குக் குறைந்தோரில், ஆரம்ப வாரங்களிலும் அளவு மாற்றப்படும் போதும் தற்கொலை எண்ணமோ கடும் பதற்றமோ தோன்றுகிறதா என்று பெற்றோர் அவதானிக்க வேண்டும். தோன்றினால் தாமதமின்றி வைத்தியரை நாடுங்கள். இக்குளிசை போதைப்பொருளைப் போல் அடிமைப்படுத்துவதில்லை. ஆயினும் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றும் எரிச்சலும் வரலாம். வைத்தியர் சொற்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும். குணம் கண்ட பின்னரும் ஓராண்டேனும் தொடரும்படி சொல்வது வழமை.

ரமழானில் என்ன செய்வது? நாளொன்றுக்கு ஒரு முறை உட்கொள்ளும் மருந்தாயின் ஸஹரிலோ இப்தாரிலோ எடுக்கலாமா என்று முன்கூட்டியே வைத்தியரிடம் கேளுங்கள். சிலர் கப்சூல் உறையின் ஜெலட்டினை எண்ணித் தயங்கி மருந்தையே கைவிடுகிறார்கள். அதே மருந்து, அல்லது அதே வகை மருந்து, குளிசையாகக் கிடைக்குமா என்று வினவினால் போதுமே!

குளிசை மட்டும் போதாது. கழுவத் தூண்டும் பதற்றத்தைத் தாங்கி, கழுவாமல் இருக்கப் பழக்கும் உளவியல் சிகிச்சையும் உண்டு. இங்கே ஆலிம்களின் துணை மகத்தானது. "ஒரு முறை கழுவினால் போதும், சந்தேகத்தைப் பொருட்படுத்தாமல் போய்த் தொழு" என்ற மார்க்கச் சலுகையை அவர்கள் எடுத்துக் கூறினால் பிள்ளைக்குத் துணிவு பிறக்கும். "நனைந்துவிட்டதா உம்மா?" என்று அவன் பத்து முறை கேட்க, பத்து முறையும் பதில் சொல்வது அன்பாகத் தோன்றலாம், நோய்க்கு அதுவே தீனியாகிறது. பதிலை எவ்வாறு படிப்படியாகக் குறைப்பது என்பதை வைத்தியரிடம் கேட்டறியுங்கள்.

துஆவும் திக்ரும் வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. ஒவ்வொரு நோய்க்கும் நிவாரணத்தை இறக்கியவன் அல்லாஹ்வே என்றும், மருந்து தேடுமாறும் கற்பித்தவர்கள் நபியவர்களே. நீரிழிவுக்குக் குளிசை போடும் வாப்பாவின் ஈமானை நாம் சந்தேகிப்பதில்லையே!

அரசாங்க வைத்தியசாலைகளின் மனநலக் கிளினிக்குகளில் சிகிச்சை இலவசம். செல்லத் தயங்குவோர் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு முதலில் பேசலாம். பிள்ளையைத் தனியே அனுப்பாமல் வாப்பாவும் கூடச் செல்லுங்கள். குழாயடியில் கழியும் நேரத்தை ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள்.

யா அல்லாஹ்! வஸ்வாஸினால் வாடும் எம் பிள்ளைகளுக்குப் பூரண ஷிபாவை அருள்வாயாக. ஆமீன்.