எந்தப் படம் முதல் படம்?

(அட்டுவம்பட்டியில் விவசாயத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் கூடிய மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சினிமாவைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று சிலர் கேட்டார்கள். ஏன் கூடாது? பகலெல்லாம் காட்டில் காரட்டும் பூண்டும் பிடுங்கிவிட்டு, இரவில் கைபேசியில் நாம் பார்ப்பது சினிமாதானே? பார்ப்பதைப் பற்றி நமக்கென்று ஓர் அபிப்பிராயம் வேண்டாமா?

டைரக்டர் மாரி செல்வராஜ் நம்மில் பலருக்கும் பிடித்தவர். தூத்துக்குடி ஜில்லா புளியங்குளத்தில் பிறந்து, சிறு வயதில் வாழைத்தார் சுமந்தவர். 1999 ஜூலை 23-ல் மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளருக்காகத் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில், போலீஸ் தடியடிக்குத் தப்பித் தாமிரபரணியில் இறங்கியவர்கள் உள்பட 17 பேர் மாண்டார்கள். அவருடைய சிறுகதைத் தொகுதி ஒன்றின் பெயரிலேயே அந்த ஆறு ஓடுகிறது.

2018 முதல் 2025 வரை ஐந்து படங்கள் எடுத்திருக்கிறார். எது முதல் என்பதில் நமக்குள் பெரிய வாதம். வாலிபர்கள் 'கர்ணன்' என்கிறார்கள். நாங்கள் 'வாழை' என்கிறோம். உழைக்கிறவனுக்கு வரும் துன்பம் எங்கிருந்து, எப்படி வருகிறது என்பதைத் தெளிவாகக் காட்டும் படமே முதல் படம். இதுதான் எங்கள் அளவுகோல்.

ஐந்தாவது, 'மாமன்னன்' (2023). எம்.எல்.ஏ. ஆன பிறகும், சொந்தக் கட்சிப் பிரமுகன் முன்னால் நாற்காலியில் உட்கார முடியாத ஒரு மனிதர். வடிவேலுவின் மௌனம் நெஞ்சைப் பிழிகிறது. ஆனால் பின்பாதியில் எல்லாம் ஒரு தேர்தலில் அடங்கிவிடுகிறது. ஜனங்கள் ஓட்டுப் போடுகிறார்கள். அதற்கு மேல் அவர்களுக்கு அங்கே வேலை இல்லை.

நான்காவது, 'பைசன்' (2025). 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் கபடி ஆடிய மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவியது. மகனுக்கு என்ன ஆகுமோ என்று நடுங்கும் தகப்பனாகப் பசுபதி வாழ்ந்திருக்கிறார். ஆனால் இது ஒருவன் தப்பி மேலேறிய கதை. ஊரிலேயே நின்றவர்கள் கதி என்ன?

மூன்றாவது, 'கர்ணன்' (2021). பஸ் நிற்காத ஊர். நடுரோட்டில் ஒரு சிறுமி துடித்துச் சாகிறாள்; வண்டிகள் கடந்து போகின்றன. 1995-ல் கொடியங்குளத்தில் போலீஸ் நடத்திய அட்டூழியத்தை நினைவுபடுத்தும் படம். வாலிபர்களின் ஆத்திரம் நியாயமே. ஆனால் ஊரே சேர்ந்து நின்ற கதை, கடைசியில் ஒருவன் கை வாளாகச் சுருங்கிவிடுகிறது.

இரண்டாவது, 'பரியேறும் பெருமாள்' (2018). சட்டக் கல்லூரிக்குள் நுழைந்த ஏழைப் பையனை, இங்கிலீஷும் ஜாதியும் சேர்ந்து அடிக்கின்றன. நமது அட்டுவம்பட்டியிலேயே பெண்களுக்கென்று சர்வகலாசாலை இருக்கிறது. வாசலுக்குள் நுழைவதோடு கஷ்டம் தீர்ந்துவிடாது என்பதை அந்தப் படம் சொல்கிறது. முடிவில் இரண்டு டீ கிளாஸ், நடுவில் ஒரு பூ. வாள் சொல்லாததை அந்தக் கிளாஸ்கள் சொல்கின்றன.

முதல் படம், 'வாழை' (2024). பள்ளி லீவு நாளில் பிள்ளைகளும் தார் சுமக்கிறார்கள். தாருக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்டுத் தொழிலாளர் நிற்கிறார்கள். காய் பழுத்துவிடும் என்ற பயத்தில் கூலி உயர்கிறது. வெற்றிதான்! ஆனால் அடுத்து என்ன நடக்கிறது? ஆட்களுக்கு வந்த தனி வண்டி நிற்கிறது. தார் ஏற்றிய லாரியின் மேலேயே உட்கார்ந்து போகச் சொல்கிறார்கள். லாரி கவிழ்கிறது. தம்பி பள்ளிக்கூடத்தில் ஆட்டம் பழகப் போன அன்று, சுமைக்குப் போன அக்காள் திரும்பவில்லை.

கவனித்தீர்களா? கொடுத்த ஒரு ரூபாயை வண்டி வாடகையில் பிடித்துக்கொண்டார்கள். அந்த மிச்சத்தின் விலை மனித உயிர். ஆலையிலும் இதே கணக்குத்தானே? கூலி கொஞ்சம் ஏறும். அதே மாதம் ஓர் ஆள் பார்க்க வேண்டிய மெஷினும் கூடும்.

குறை இல்லையா? உண்டு. டீச்சர் மீது பையன் வைத்த பிரியத்துக்கு நேரம் அதிகம். வியாபாரியின் கணக்குக்கு நேரம் குறைவு. ஐந்து படங்களிலும் பெண்கள் பேசுவது போதாது. இதைத் தாய்மார்களே எழுந்து சொல்ல வேண்டும்.

தோழர்களே! சரக்கு லாரியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது சட்டம். ஆனாலும் வத்தலக்குண்டுக்கு இறங்கும் மலைப்பாதையில், மூட்டை மேல் உட்கார்ந்து போன அனுபவம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? கை தூக்கிப் பாருங்கள்.

நாளைக்கு மூட்டை மேல் ஏறச் சொன்னால், ஏற மாட்டோம் என்று சொல்வோம். ஒருவர் சொன்னால் அவருக்கு வேலை போகும். எல்லோரும் சேர்ந்து சொன்னால் வேறு வண்டி வரும். இந்த யோசனையைத் தந்த படம் என்பதால்தான் 'வாழை'யை முதலில் வைக்கிறோம்.

'கர்ணன்' கட்சிக்காரர்கள் இனிப் பேசலாம்!