துணிக்கூரையும் பிளாஸ்டிக் சாளரமும்



தலைநகரின் கீழ்த்திசையில், யமுனைக்கு அக்கரையில் அமைந்த மயூர் விஹாரில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்ந்து வருகின்றன. கூட்டுறவுச் சங்கங்களின் அடுக்கு மாடிகளில் நமக்கு வீடு கிடைத்தாலும், வண்டிக்குக் கொட்டில் கிடைப்பது அரிது. ஆகவே வண்டிகள் வேப்பமரத்தடியிலோ மதிலோரத்திலோ ஆண்டு முழுவதும் வெட்டவெளியில் நிற்கின்றன. இரும்பும் கண்ணாடியும் இதனைப் பொறுத்துக்கொள்ளும். துணிக்கூரையின் பின்புறம் தைக்கப்பட்ட பிளாஸ்டிக் சாளரம் பொறுத்துக்கொள்ளாது. அதனைப் பேணும் முறை குறித்தே இன்று சில கூற விழைகிறோம்.

இது செல்வர்களின் உல்லாச வண்டியைப் பற்றிய பேச்சு என்று நேயர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். 1985-இல் வெளிவந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் உற்பத்தியான மாருதி ஜிப்ஸியிலும், மஹிந்திராவின் ஜீப்புகளிலும், 2020-இல் புதுவடிவம் பெற்ற தார் வண்டியிலும் துணிக்கூரை வகை வந்ததுண்டு. நாம் நாள்தோறும் ஏறி இறங்கும் ஆட்டோக்கள் பலவற்றின் பின்புற ரெக்ஸினிலும் சிறியதொரு பிளாஸ்டிக் துண்டு தைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். உலகப் புகழ் பெற்ற வண்டிகளும் இதற்கு விலக்கல்ல. 1989-இல் வந்த மாஸ்டா மியாட்டாவும், 1996-இல் வந்த போர்ஷே பாக்ஸ்டரும் முதலில் பிளாஸ்டிக் சாளரத்துடனேயே வந்தன. பிற்பாடுதான் இரண்டும் கண்ணாடிக்கு மாறின. கூரையோடு சேர்ந்து மடங்க வேண்டும், எடையும் குறைவாயிருக்க வேண்டும் என்பதே பிளாஸ்டிக்கைத் தேர்ந்ததன் காரணம்.

இந்தச் சாளரம் பெரும்பாலும் பி.வி.சி. என்னும் பொருளால் ஆனது. இயல்பில் அது விறைப்பானது. நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய்களும் அதே பொருள்தாம். அதனை வளையச் செய்வதற்கென எண்ணெய் போன்ற மென்மையூட்டி ஒன்றைக் கலக்கிறார்கள். வெயில் காயக் காய இந்த மென்மையூட்டி சிறிது சிறிதாக வெளியேறுகிறது. வெயிலில் நின்ற வண்டியின் முன்கண்ணாடி உட்புறத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலம் படிவதற்கு இதுவும் ஒரு காரணம். மென்மையூட்டி குறையக் குறையத் தகடு விறைக்கும். சூரியனின் புறஊதாக் கதிர்கள் மூலக்கூறுகளையே மாற்றுவதால் மஞ்சளிக்கும். அந்த மஞ்சள் மேலே படிந்த அழுக்கு அன்று. எத்தனை தேய்த்தாலும் போகாது.

வெயிலை நாம் தடுக்க இயலாது. ஆயினும் சாளரங்கள் பல மஞ்சளிக்கும் முன்பே குருடாகிவிடுகின்றன. அதற்குக் காரணம் வெயில் அன்று. நம் கையின் அவசரமே.

டில்லியின் தூசியை நாம் அறிவோம். வைகாசியில் வீசும் ஆந்திக் காற்று மேற்கிலிருந்து மணலை வாரி வந்து கொட்டுகிறது. அம்மணலில் குவார்ட்ஸ் துகள்கள் உண்டு. அவை கண்ணாடியையே கீறவல்லவை, பிளாஸ்டிக் எம்மாத்திரம்? அலுவலகத்திற்கு நேரமாகிவிட்டதென்று உலர்ந்த துணியால் ஒரு முறை துடைத்தால், உப்புத்தாளால் தேய்த்ததற்கு ஒப்பாகும். பகலில் அக்கீறல்கள் தெரியா. இரவில் பின்னால் வரும் வண்டியின் விளக்கொளி பட்டதும் சாளரம் முழுவதும் வெள்ளைப் புகையாகச் சிதறும். கண்ணாடியைச் செய்தித்தாளால் துடைக்கும் நம் வீட்டு வழக்கமும் இங்கு உதவாது.

ஆகவே முதல் விதி, தண்ணீர் முன்னே, துணி பின்னே என்பது. நிழலில் வண்டியை நிறுத்தி, தகடு குளிர்ந்த பின் தாராளமாகத் தண்ணீர் ஊற்றித் தூசியை மிதக்கவிட்டு இறக்க வேண்டும். பின்னர் குழந்தைகளுக்கான ஷாம்பு சில துளிகள் கலந்த நீரில், பலமுறை வெளுத்து மென்மையான பழைய வேட்டித் துணியை நனைத்து, அழுத்தாமல், மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில் துடைப்பது நலம். வட்டமாகத் தேய்த்தலாகாது. துணியை அடிக்கடி அலச வேண்டும். நம் பகுதி நீர் உப்பு மிகுந்ததாயின், தானே உலரவிட்டால் வெண்புள்ளிகள் நிற்கும். ஆதலால் ஈரத்தை மெல்லத் துணியால் ஒற்றி எடுத்துவிடுவது நன்று.

அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம், ஸ்பிரிட், பெட்ரோல், தின்னர் ஆகியவை அருகில் வரலாகா. புறாக்கள் மிகுந்த நம் குடியிருப்புகளில் எச்சம் விழுவது அன்றாட நிகழ்ச்சி. காய்ந்த எச்சத்தைச் சுரண்டாமல் ஈரத்துணியை அதன்மேல் பத்து நிமிடம் போட்டு வைத்தால் தானே இளகி வரும். லேசான கீறல்களுக்குப் பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் பாலிஷ் உண்டு. ஓர் ஓரத்தில் சோதித்துப் பார்த்த பின்னரே அதனைப் பயன்படுத்த வேண்டும். வண்டியை மூடும் உறையும் நன்மைக்கே ஆயினும், தூசி படிந்த சாளரத்தின்மேல் போட்ட உறை காற்றில் படபடத்து இரவெல்லாம் அதனைத் தேய்த்துக்கொண்டிருக்கும். கழுவிய பின்பே உறையிடுதல் முறை.

விழாக்களையும் இங்குக் குறிப்பிட வேண்டும். ஆயுத பூஜையன்று வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். அவற்றை முகப்பு இரும்பில் இடுவோமாக; சாளரத்தில் வேண்டா. மென்மையூட்டி கலந்த பிளாஸ்டிக் சாயத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. ஹோலிப் பண்டிகையின் வண்ணப் பொடிகளுக்கும் இதுவே பொருந்தும். அன்றைக்கு முந்தின இரவே வண்டிக்கு உறையிட்டுவிடுவது விவேகம்.

இனி மடிப்பைப் பற்றி. சென்னையில் மார்கழி விடியலிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். டில்லியிலோ தை மாதத்தில் 5 டிகிரிக்கும் இறங்குவதுண்டு. தெற்கில் பழகிய கை அங்குப் போலவே இங்கும் கூரையைச் சட்டென்று மடக்கும். குளிரில் விறைத்த தகடு அப்பளம்போல் ஓசையுடன் பிளந்துவிடும். எங்கள் குடியிருப்பில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரின் ஜீப்புக்கு இதுவே நேர்ந்தது. பேரப் பிள்ளைகள் குளிர்கால வெயில் காய ஆசைப்பட்டார்கள். காலை ஏழு மணிக்குக் கூரையை இறக்கினார். மடிப்பு ஓடிய இடமெல்லாம் விரிசல். பத்து மணி வெயிலில் வண்டியைச் சற்று நிறுத்தி, தகடு இளகிய பின் இறக்கியிருந்தால் கெடுதல் இல்லை.

ஜிப் வைத்துத் தைத்த சாளரமாயின், கூரையை இறக்குமுன் அதனைக் கழற்றித் தட்டையாகப் படுக்கவிடுவது சாலச் சிறந்தது. மடக்கியே தீர வேண்டுமாயின் மடிப்பின் நடுவே மென்துண்டு ஒன்றைச் சுருட்டி வைத்தால் வளைவு கூர்மையாகாது. ஈரமாகவோ அழுக்காகவோ இருக்கையில் மடித்து வைத்தல் கூடவே கூடாது. ஜிப்பின் பற்களில் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்தால் இழுக்கையில் தையல் கிழியாது.

வெயிலைத் தடுப்பதாக எண்ணிக் கருநிற ஒட்டுத்தாள் ஒட்டலாமா என்று சிலர் வினவக்கூடும். பசை பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். அதனினும் மேலாக, 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் பின்சாளரத்தின் வழியே குறைந்தது 70 விழுக்காடு ஒளி ஊடுருவ வேண்டும் என்கின்றன. வண்டிக் கண்ணாடிகளில் கருந்தாள் ஒட்டுதலை உச்ச நீதிமன்றம் 2012-இல் தடை செய்தது.

அந்த விதியின் உட்கருத்தை எண்ணிப் பார்ப்போம். மயூர் விஹாரின் உட்தெருக்கள் குறுகியவை. மாலை வேளையில் குழந்தைகள் அங்கே சைக்கிள் பழகுகிறார்கள், முதியோர் உலாவுகிறார்கள். பின்னோக்கி வண்டியை நகர்த்தும்போது அவர்களுக்கும் நமக்கும் இடையே நிற்பது கால் விரற்கடையும் இல்லாத ஒரு பிளாஸ்டிக் தகடு. மூடுபனி இறங்கும் நாட்களில் அதுவும் மங்கிவிட்டால், பின்னால் நிற்பது மதிலா மகவா என்பது தெரியாது போகும். ஆகவே மஞ்சளித்த சாளரத்தை இன்னும் ஓராண்டு ஓட்டலாம் என்று தள்ளிப்போடுவது சிக்கனம் ஆகாது. துணிக்கூரை நன்றாயிருந்தால் அதனை முழுதும் மாற்ற வேண்டியதில்லை. ரெக்ஸின் தைப்பவரிடம் சாளரத் தகட்டை மட்டும் பிரித்துப் புதிதாகத் தைத்துக்கொள்ளலாம்.

வாரம் ஒரு முறை ஒரு வாளித் தண்ணீரும் பத்து நிமிடப் பொறுமையும் போதும். சாளரம் நெடுநாள் தெளிவாக இருக்கும். அத்தெளிவால் பயன் பெறுவோர் வண்டிக்கு உள்ளே இருப்பவர்கள் மட்டும் அல்லர். வண்டிக்குப் பின்னால் விளையாடும் குழந்தைகளும் ஆவர்.