எழுத்து அழிந்த வாஷிங் மெஷின்

இரண்டு தொட்டி வைத்த செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின் நம் ஊர்ப் பழைய சாமான் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற பொருள். ஒரு பக்கம் துவைக்கிற டப், மறுபக்கம் பிழிகிற டிரையர், மேலே மூன்றோ நான்கோ நாப். வாங்கி வருகிறவருக்குக் கையேடு கிடைப்பதில்லை. சோப்புத் தண்ணீர் பட்ட விரல்கள் வருஷக்கணக்கில் திருகித் திருகி, நாப்பைச் சுற்றியிருந்த எழுத்தெல்லாம் அழிந்திருக்கும். கடைக்காரர் போகிறபோக்கில் சொன்ன இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு பலர் அந்த மெஷினோடு மல்லுக்கட்டுகிறார்கள். அவர்களுக்குத்தான் இந்தப் பேச்சு. அழிந்த எழுத்தைத் தேடி அலைய வேண்டாம். எழுத்து தெளிவாக இருந்தால்கூட அதை அப்படியே நம்ப வேண்டாம். ஒவ்வொரு நாப்பும் உள்ளே என்ன வேலை செய்கிறது என்பதை அந்த மெஷினை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அதற்குக் காதும் கையும் ஒரு வாளித் தண்ணீரும் போதும்.

எழுத்தை ஏன் நம்பக்கூடாது என்கிறேன்? பழைய மெஷின் உங்கள் கைக்கு வருவதற்குள் ஒன்றிரண்டு தடவை பிரித்து மாட்டப்பட்டிருக்கலாம். டைமர் பழுதாகி, அதே மாடல் டைமர் கிடைக்காவிட்டால், பொருந்துகிற வேறொன்றைப் போட்டு ஒயரைச் சேர்த்துவிடுவது ரிப்பேர் கடைகளில் நடப்பதுதான். மெஷின் ஓடும். ஆனால் பேனலில் 15 நிமிஷம் என்று அச்சடித்த இடமும் உள்ளே இருக்கும் டைமரின் 15 நிமிஷமும் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. நாப் விஷயமும் அப்படியே. டைமரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு பெரும்பாலும் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். நாப் அதில் ஒரே வாகில்தான் உட்காரும். நாப்பின் உள்வாய் விரிசல் விட்டுவிட்டால் அதன் மேலுள்ள கோடு ஓர் இடத்தைக் காட்டும், தண்டு வேறோர் இடத்தில் நிற்கும். 'இந்தக் காலத்தில் கையேடா கிடைக்காது, இணையத்தில் தேடினால் போச்சு' என்று சிலர் சொல்வார்கள். மாடல் எண் ஒட்டிய ஸ்டிக்கர் இருந்தால் தாராளமாகத் தேடுங்கள். அந்தக் கையேடு, மெஷின் புதிதாக வந்தபோது எப்படி இருந்தது என்று சொல்லும். அதன் பிறகு அதில் யார் எதை மாற்றினார்கள் என்பது அதற்குத் தெரியாது.

சரி, எங்கே தொடங்குவது? பிளக்கைச் செருகாமலே தொடங்கலாம். இந்த மெஷின்களில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி இதுதான், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பெரும்பாலான செமி ஆட்டோமேட்டிக் மெஷின்களின் டைமர் சாவி கொடுக்கிற பழைய கடிகாரம் போன்றது. நாப்பை வலப்பக்கமாகத் திருகும்போது உள்ளே ஒரு சுருள்வில் முறுக்கேறுகிறது. கையை எடுத்ததும் அந்த முறுக்கு மெல்ல மெல்ல அவிழ்ந்து பல்சக்கரங்களைச் சுற்ற வைக்கிறது. அதற்குக் கரண்ட் வேண்டியதில்லை. அதனால் பிளக் வெளியே கிடக்கும்போதே ஒவ்வொரு நாப்பாகத் திருகிவிட்டுக் காதை வைத்துக் கேளுங்கள். 'டிக் டிக்' என்று ஓடினால் அது டைமர். திருகிய இடத்திலேயே சத்தமில்லாமல் நின்றால், அது வேகத்தையோ வடிகாலையோ மாற்றுகிற நாப். டைமர்கள் இரண்டு இருக்குமே, எது எதற்கு? கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டையும் கடைசிவரை திருகி விடுங்கள். துவைக்கிற டைமர் பொதுவாக 15 நிமிஷமோ அதற்கு மேலோ ஓடும். பிழிகிற டைமர் பெரும்பாலும் 5 நிமிஷத்தில் நின்றுவிடும். துவைக்கிற டைமருக்குள் இன்னொரு நுட்பமும் உண்டு. மேடும் பள்ளமுமான சிறு சக்கரங்கள் சுற்றச் சுற்ற, அவற்றை உரசி நிற்கும் தகடுகள் ஏறி இறங்கி மோட்டாருக்குப் போகும் கரண்டைச் சேர்த்து, துண்டித்து, மறுதிசைக்கு மாற்றிவிடுகின்றன. டப்பின் அடியில் இருக்கும் பல்சேட்டர் வலம் சுற்றி, நின்று, இடம் சுற்றுவது இதனால்தான். எலக்ட்ரானிக் போர்டு எதுவும் இல்லாமல் வில்லும் பல்சக்கரமும் தகடும் சேர்ந்து செய்கிற வேலை இது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: டைமரை இடப்பக்கமாக வலிந்து திருப்பக் கூடாது. அந்தத் தகடுகள் வளைந்துபோகலாம்.

அடுத்தது வடிகால். இதற்கும் பிளக் வேண்டாம். துவைக்கிற டப்பில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, பின்னால் இருக்கும் ஹோஸைத் தரையில் கிடத்துங்கள். டிக் டிக் சொல்லாத நாப்பை ஒவ்வொரு நிலையாகத் திருப்புங்கள். எந்த நிலையில் ஹோஸ் வழியாகத் தண்ணீர் கொட்டுகிறதோ அதுதான் வடிகால். அந்த நிலைக்கு வரும்போது நாப் கொஞ்சம் கனமாக இருக்கும், கவனித்துப் பாருங்கள். உள்ளே ஒரு ரப்பர் வால்வை நீங்கள் நேரடியாக இழுத்துத் தூக்குகிறீர்கள், அந்தக் கனம் அதனுடையது. இவ்வகை மெஷின்களில் பெரும்பாலும் பம்ப் கிடையாது, தண்ணீர் தானாகவே பள்ளத்துக்கு ஓட வேண்டும். ஹோஸை மேலே தூக்கிக் கட்டிவிட்டு 'டிரெயின் வேலை செய்யவில்லை' என்று சொல்பவர்கள் கவனிக்க. எந்த நிலையிலும் தண்ணீர் நிற்காமல் ஒழுகினால் குறை பெரும்பாலும் நாப்பில் இல்லை, வால்வின் வாயில் நூலோ பட்டனோ சிக்கியிருக்கலாம்.

'கரண்ட் சமாசாரம், தெரியாதவர்கள் கை வைக்கலாமா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இதுவரை சொன்ன சோதனைகளுக்குக் கரண்டே தேவைப்படவில்லை என்பது பதிலில் ஒரு பாதி. மறுபாதிக்கு வருகிறேன். பிளக்கைச் செருகுவதற்கு முன் ஒயரில் வெடிப்பு இருக்கிறதா, மூன்றாவது பின்னான எர்த் பின் முழுதாக இருக்கிறதா, உங்கள் சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே கொடுத்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இதில் சந்தேகம் வந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். செருப்புப் போட்டுக்கொண்டு, ஈரமில்லாத கையால்தான் நாப்பைத் தொட வேண்டும். நாப் கழன்று வெறும் தண்டு நிற்கிறதென்றால், குறடு வைத்துத் திருகாமல் முதலில் புது நாப் வாங்கி மாட்டுங்கள். பிறகு துணி போடாமல் பாதி டப் தண்ணீர் விட்டு, துவைக்கிற டைமரைத் திருகிவிட்டு, வேகத்தை மாற்றுகிற நாப்பை ஒவ்வொரு நிலையாகத் திருப்பிப் பல்சேட்டரைப் பாருங்கள். கொஞ்சம் சுற்றி நிறைய நேரம் ஓய்ந்தால் அது மெல்லிய துணிக்கான நிலை. நீளமாகச் சுற்றிக் கொஞ்சமே ஓய்ந்தால் அழுத்தமான துவைப்பு. டிரையரில் பார்க்க வேண்டியது ஒன்றுதான், ஆனால் அதுதான் மிக முக்கியம். மூடியைத் திறந்ததும் கரண்ட் நின்று, பிரேக் பிடித்து, கூடை சீக்கிரமே ஓய வேண்டும். மூடி திறந்தும் கூடை சுற்றிக்கொண்டே இருந்தால் உடனே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பிரேக்கைச் சரிசெய்யும்வரை அதன் பக்கத்தில் குழந்தைகள் போகக் கூடாது.

பெரிய டயல் ஒன்று மட்டும் வைத்த பழைய ஃபுல்லி ஆட்டோமேட்டிக் வாங்கியவர்களுக்கு இரண்டு வார்த்தை, நேரம் குறைவு. 1937-இல் அமெரிக்காவில் பென்டிக்ஸ் நிறுவனம் வீட்டு உபயோக ஆட்டோமேட்டிக் மெஷினைக் கொண்டு வந்தது. அந்தக் காலம் தொட்டு இவை செய்கிற வேலைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். தண்ணீர் பிடிப்பது, புரட்டுவது, சிலவற்றில் சூடாக்குவது, வடிப்பது, பிழிவது, அவ்வளவே. டயலில் இருக்கும் எண்ணும் எழுத்தும் பெரும்பாலும் நிமிஷக் கணக்கைச் சொல்வதில்லை, வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைக் காட்டுகின்றன. தண்ணீர் போதுமான மட்டத்துக்கு வரும்வரை பல மெஷின்களில் டயல் நகராது. மாடித் தொட்டியிலிருந்து நூல்போல் தண்ணீர் வருகிற வீட்டில், டயல் அசையாததைப் பார்த்துவிட்டு மெஷின் கெட்டுப்போனதாக முடிவுகட்டிவிடாதீர்கள். குழாயை நன்றாகத் திறந்து பாருங்கள்.

'இத்தனை பாடு எதற்கு, மெக்கானிக் வந்து சொல்லிவிட்டுப் போகட்டுமே' என்பது கடைசி ஆட்சேபணை. மோட்டார், பிரேக், ஒயரிங் எல்லாம் அவர் வேலைதான், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் 'மெஷின் ஓடல' என்று போன் செய்வதற்கும், 'டைமர் டிக் டிக்னு ஓடுது, மோட்டார் உறுமுது, ஆனா சுத்தல' என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தை எண்ணிப் பாருங்கள். இரண்டாவதைக் கேட்ட மெக்கானிக் பையில் கெப்பாசிட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டுதான் கிளம்புவார். இன்னொரு தடவை வந்துபோகிற செலவு மிச்சம். அதனால் கண்டுபிடித்ததை அன்றே எழுதிவிடுங்கள். பிளாஸ்திரித் துண்டுகளில் துவை, வடி, பிழி என்று மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதி, அந்தந்த நிலைக்கு நேராக ஒட்டி, ஈரம் படாமல் மேலே செல்லோ டேப் போட்டுவிட்டால், நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் வீட்டில் இருக்கிற பாட்டியும் யாரையும் கேட்காமல் தன் புடவையைத் துவைத்துக் காயப்போட முடியும்.