கூப்பிடும் குரல்: எல்.ஆர். ஈஸ்வரியின் பாட்டும் நம் ஊர்க் கொடையும்

(சங்கரன்கோவிலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

யார் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ அந்தத் தமிழாசிரியரிடம் பாடம் கேட்டவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். அவர் பெருமையை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நேராகப் பொருளுக்கு வருகிறேன்.

பொருள் உங்களுக்குப் பாதி தெரிந்ததுதான். என் துறை நண்பர்கள் சிலர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு முக்கால்வாசி தெரியும். பல ஆண்டுகளாகக் கருத்தரங்க இடைவேளைகளில் நாங்கள் தேநீரை ஆறவிட்டுப் பேசிய பேச்சுத்தான் இது. அங்கே நேரம் போதாமல் விட்டதையெல்லாம் இன்று முழுதாகச் சொல்லிவிட எண்ணுகிறேன்.

அவர்கள் சொல்வது இது. எல்.ஆர். ஈஸ்வரி என்று இரண்டு பாடகிகள் இருக்கிறார்கள். ஒருவர், 1960களிலும் 70களிலும் கிளப் நடனத்துக்கும் குறும்புப் பாட்டுக்கும் குரல் கொடுத்தவர். மற்றவர், திரை வாய்ப்புக் குறைந்த பின் மாரியம்மன் பாட்டுக்கு வந்தவர். முதலாமவரை மறந்துவிட்டு இரண்டாமவரைக் கும்பிடலாம் என்பது ஒரு கட்சி. இன்னொரு கட்சிக்கு அவர்மேல் பரிவு அதிகம். “அவரும் மென்மையாகப் பாடியிருக்கிறாரே” என்று உடனே ‘வெள்ளி விழா’ படத்துக் ‘காதோடுதான்’ பாட்டை எடுத்து வைப்பார்கள். 1972இல் வந்த படம். வாலி எழுத்து, வி. குமார் இசை. அருமையான பாட்டு, மறுக்கவில்லை. ஆனால் அதை மட்டும் சாட்சிக்கு அழைப்பவர், மற்றப் பாட்டெல்லாம் தாழ்ந்தவை என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறார். இரண்டு கட்சியோடும் எனக்கு வழக்கு உண்டு. ஈஸ்வரி ஒருவர்தான், அவர் குரலும் ஒன்றுதான். அது கூட்டத்துக்கு முன்னால் நின்று கூப்பிடுகிற குரல். திரையில் மனிதரைக் கூப்பிட்டது, கோயில் திருவிழாவான கொடையில் அம்மனைக் கூப்பிடுகிறது.

கூட்டுக்குரலிலிருந்து

லூர்துமேரி ராஜேஸ்வரி என்பது அவர் பெயர். அதன் முன்னெழுத்துகள்தாம் எல்.ஆர். கிறித்தவக் குடும்பம். தாயார் திரைப்படங்களில் கூட்டுக்குரல் பாடியவர். தாயோடு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய், தாமும் கூட்டுக்குரலில் ஒருவராக நின்றார் ஈஸ்வரி. 1954இல் வந்த ‘மனோகரா’வில் ஜிக்கியின் பாட்டுக்குப் பின்னால் நின்ற குரல்களில் அவருடையதும் ஒன்று.

கூட்டுக்குரல் என்பது தனிப் பள்ளிக்கூடம். முதற்குரல் எங்கே மூச்சு விடுகிறது என்று காத்திருக்க வேண்டும். விட்ட இடத்தில் பிசகாமல் பிடிக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவரின் குரலை மீறக் கூடாது, ஒரு எழுத்தையும் விழுங்கக் கூடாது. ஒருவர் விழுங்கினாலும் பத்துப் பேரின் சொல் மங்கிவிடும். அந்தக் காலத்தில் பெரும்பாலும் எல்லோரும் கூடி நின்று ஒரே மூச்சில் பதிவு செய்தார்கள்; ஒருவர் தவறினால் மொத்தமும் மறுபடி. இந்தப் பயிற்சி ஈஸ்வரியின் ஒவ்வொரு பாட்டிலும் கேட்கிறது.

1958இல் கே.வி. மகாதேவன் ‘நல்ல இடத்து சம்மந்தம்’ படத்தில் அவரைத் தனியாகப் பாட வைத்தார். 1961இல் ‘பாசமலர்’. விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில், மணப்பெண்ணைத் தோழியர் அழைத்துப் போகும் பாட்டு. அந்தப் படத்தில் நாயகி சாவித்திரிக்குக் குரல் பி. சுசீலா. ஈஸ்வரியின் குரல் தோழிக்கு. கதையில் தோழிக்கு ஒன்றும் இல்லை. அவள் வேலை அழைப்பது மட்டும். அந்த அழைப்புப் பாட்டுத்தான் அறுபது ஆண்டுகளாகத் தமிழ்நாட்டுக் கல்யாண வீடுகளில் ஒலிக்கிறது. கதைக்குள் இருந்தவர்கள் பாடிய பாட்டு கதையோடு நின்றது. கதைக்கு வெளியே நின்று கூப்பிட்டவளின் பாட்டு நம் வீட்டு முற்றத்துக்கு வந்தது.

இலந்தைப்பழக்காரி

இப்போது நண்பர்களுக்குப் பிடிக்காத பாட்டுக்கு வருகிறேன். இதில் சற்று நேரம் நிற்கப்போகிறேன். 1968, ‘பணமா பாசமா’. கே.எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கம், கே.வி. மகாதேவன் இசை. விஜயநிர்மலா இலந்தைப்பழம் விற்பவளாக வந்து பாடும் பாட்டு. கொச்சை, இரட்டைப் பொருள், இதற்கு ஓர் ஆராய்ச்சியா என்று கேட்பார்கள். ஒரு கருத்தரங்கில் இந்தப் பாட்டின் பெயரைச் சொன்னதுமே சிரிப்பு எழுந்து, கட்டுரையை மேலே படிக்க முடியாமல் போயிற்று. அன்று சொல்ல வந்ததைத்தான் இன்று சொல்கிறேன்.

கரிசல் ஓரத்தில் வளர்ந்தவர்களுக்கு இலந்தை தெரியும். மார்கழி, தை மாதங்களில் பள்ளிக்கூட வாசலில் பனையோலைப் பெட்டியோடு ஓர் அம்மா உட்கார்ந்திருப்பார். சின்ன டப்பாவில் அளந்து, கிழித்த தாளைச் சுருட்டி அதில் போட்டு, மேலே உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிக் கொடுப்பார். விற்காமல் மிஞ்சியது உரலில் இடிபட்டு, புளியும் வெல்லமும் சேர்ந்து இலந்தை வடை ஆகும். அந்த அம்மா எப்படிக் கூவுவார் என்று நினைத்துப் பாருங்கள். விலை சொல்ல மாட்டார், ருசி சொல்ல மாட்டார். முதலில் பழத்தின் பெயர்தான். அதையே திரும்பத் திரும்ப. பெட்டி கண்ணில் படுவதற்கு முன்னால் பெயர் காதில் விழ வேண்டும். பெயரின் கடைசியை இழுத்து, தெருக்கோடி வரைக்கும் விடுவார். பிள்ளைகள் ஓடி வந்து சூழ்ந்துகொண்டதும் குரல் இறங்கிவிடும். பிறகு பேச்சு: பேரம், கேலி, “உங்க அய்யா பாக்கி வச்சிட்டுப் போயிருக்காரு” என்ற அதட்டல். கூவல் ஓர் உயரம், பேச்சு ஓர் உயரம். தெரு வியாபாரத்துக்கு இந்த இரண்டு உயரமும் வேண்டும்.

அந்தப் பாட்டின் அமைப்பும் இதுதான். பல்லவி கூவல், பழத்தின் பெயரே அடுக்கடுக்காக வருகிறது. சரணம் கிட்ட வந்தவனோடு பேச்சு. கூவலிலிருந்து பேச்சுக்கு இறங்கும் அந்தப் படியை ஈஸ்வரி எப்படிக் கடக்கிறார் என்று கேளுங்கள். சுருதி விலகவில்லை, தாளம் நழுவவில்லை; ஆனால் பாடுவது நின்று பேசுவது தொடங்கிவிட்டது போல் இருக்கிறது. மறுபடி பல்லவிக்குப் போகும்போது குரல் எழுந்து தெருவுக்குத் திரும்புகிறது. சங்கீதம் நன்கு பயின்றவர்கள் இந்த இடத்தில் ஒரு சங்கதி போட்டு மெழுகிவிடுவார்கள். ஈஸ்வரி மெழுகவில்லை. வியாபாரிக்கு அந்த இடத்தில் மெழுக நேரம் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நாக்கையும் கவனியுங்கள். பாட்டில் வருவது ‘பயம்’. நம் பக்கத்தில் ‘பளம்’ என்போம். ‘பயம்’ சென்னைத் தெருப்பேச்சு. அதற்கு முந்தின ஆண்டு, 1967இல், பாலசந்தரின் ‘அனுபவி ராஜா அனுபவி’யில் டி.எம். சௌந்தரராஜனோடு தூத்துக்குடி முத்துக்குளி பாட்டைப் பாடினார். ‘வாரீகளா’ என்கிற அந்த நீட்டலில் நம் கடற்கரை அப்படியே இருக்கிறது. சென்னைக்காரியையும் தூத்துக்குடிக்காரியையும் ஓராண்டு இடைவெளியில் ஒருவரே, ஒன்றோடொன்று கலக்காமல், நாக்கில் வைத்திருக்கிறார். இதைச் செய்வதற்கு வட்டார வழக்கு ஆய்வாளர்கள் நாம் ஒலிப்பதிவுக் கருவியோடு ஊர் ஊராக அலைகிறோம்.

கொச்சை என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். சரணங்களில் தெருப்பேச்சின் குறும்பு உண்டு. இருக்கட்டும். இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை குற்றாலம். மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். குறத்தி தெருவில் வருகிறாள், தன் மலையையும் தன் தொழிலையும் உரக்கச் சொல்லிக் கவனத்தை இழுக்கிறாள். பிற்பகுதியில் சிங்கனும் சிங்கியும் பேசிக்கொள்ளும் பேச்சில் குறும்புக்குப் பஞ்சம் இல்லை. அதற்கு உரை எழுதுகிறோம், முனைவர் பட்டம் கொடுக்கிறோம். கூடை சுமந்த ஒருத்தி பதினெட்டாம் நூற்றாண்டில் கூவினால் இலக்கியம், 1968இல் கூவினால் கொச்சை என்பதற்கு என் நண்பர்கள் இதுவரை ஒரு காரணமும் சொல்லவில்லை. இதே வட்டாரத்துச் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலைக்குக் காவடி எடுத்து நடப்பவர்களின் காலடிக்குச் சிந்து கட்டினார். நடக்கிற கூட்டத்துக்குப் பாட்டுக் கட்டுவது தாழ்வு என்றால் அவரையும் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும்.

“இதெல்லாம் இசையமைப்பாளரும் கவிஞரும் செய்தது, பாடகி சொன்னதைப் பாடினார்” என்பது அடுத்த வாதம். மகாதேவனின் மெட்டுக்கு முன் நான் கைகூப்புகிறேன். ஆனால் ஸ்வரக் குறிப்பில் சிரிப்புக்கு அடையாளம் கிடையாது. கடைசி எழுத்தை எவ்வளவு உதறி விட வேண்டும் என்பதை எந்த எழுத்திலும் எழுத முடியாது. 1969இல் ஸ்ரீதரின் ‘சிவந்த மண்’ படத்தில் சாட்டை ஒலிக்கிடையே அவர் பாடினாரே, அங்கே அடிபட்டவளின் மூச்சு எங்கே அறுபட வேண்டும் என்பதை எம்.எஸ். விஸ்வநாதன் சொல்லிக் கொடுத்திருக்கலாம். மூச்சை அறுத்தவர் ஈஸ்வரி.

குழாயும் கொடையும்

அம்மன் பாட்டுக்கு வருவோம். சித்திரை, வைகாசி, ஆடி மாதங்களில் நம் பக்கத்துச் செவ்வாய்க்கிழமைக் கொடைகளில் ஒலிபெருக்கிச் செட்டுக்காரர் வேப்பமரத்தில் ஏறிக் குழாயைக் கட்டியதும் போடும் பாட்டுகளில் ஈஸ்வரி கட்டாயம் இருப்பார். ஏன் அவர்? பக்தியால் மட்டும் என்றால் பக்தியோடு பாடியவர்கள் எத்தனையோ பேர். குழாய் ஒலிபெருக்கி அடிக்குரலைத் தின்றுவிடும், மேலே நுணுக்கத்தையும் உதிர்த்துவிடும். நடுப்பகுதியைத்தான் வயல் தாண்டிக் கொண்டுபோகும். கமகத்தை நம்பிய குரல் அரைமைலில் கூழாகிவிடுகிறது. எழுத்தை வெட்டி வெட்டிச் சொல்லும் குரல் அடுத்த ஊர்க் கண்மாய்க் கரை வரை சொல்லாகவே போய்ச் சேருகிறது. கூட்டுக்குரலில் பழகிய நாக்கு இங்கே பயன்பட்டது.

முளைப்பாரி சுற்றும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். ஒருத்தி முதலடி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் திருப்பிச் சொல்லிக் கும்மி கொட்டுவார்கள். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள் பலவற்றில் பின்னால் கூட்டுக்குரல் வருவதன் முறையும் இதுவே. மாரியாத்தாளை ‘செல்லாத்தா’ என்று உரிமையோடு கூப்பிடும் அந்தத் தொனி பழம் விற்றவளின் தொனியேதான். ‘பாசமலர்’ தோழியின் தொனியேதான். கிளப் பாட்டுக்குக் கழுவாயாக அவர் அம்மனிடம் வந்தார் என்பவர்கள் இந்தப் பாட்டுகளை அடுத்தடுத்துப் போட்டுக் கேட்கட்டும். கழுவாய் தேடுகிற குரலில் இவ்வளவு அதிகாரம் இருக்காது. கிறித்தவப் பிறப்பு பற்றி ஊரில் யாரும் கேள்வி எழுப்பியதில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். அம்மன் கொண்டாடிகளுக்குப் பாட்டு சரியாக இருந்தது.

இனிச் செய்ய வேண்டியவை

நேரம் முடிந்துவிட்டதாகத் தலைவர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். ‘வெள்ளி விழா’ பாட்டைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன்; ஒன்று மட்டும். அது மெதுவாகக் கூப்பிடும் பாட்டு. உறங்கப்போகும் ஒருவரை எழுப்பிவிடாமல் அழைப்பதற்கும் அதே தெளிவு வேண்டும். 1974இன் ‘அவள் ஒரு தொடர்கதை’, 2011இல் தமன் இசையில் எழுபது வயதைத் தாண்டிய குரல் ஒலித்த ‘ஒஸ்தி’, இவற்றுக்குத் தனித்தனிச் சொற்பொழிவு வேண்டும்.

மாணவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடிய வேலைகள் சில. தொல்காப்பியம் விளி மரபுக்குத் தனி இயலே ஒதுக்கியிருக்கிறது. திரைப்பாட்டில் வரும் விளிகளை அந்த ஒழுங்கில் வைத்து யாராவது பார்க்க வேண்டும். ஆடித்தபசு சமயத்தில் இவ்வூர் வீதிகளில் எந்தெந்தப் பாட்டு எந்த நேரத்தில் ஒலிக்கிறது என்று ஒரு நாள் முழுக்க எழுதிவைத்தால் அதுவே நல்ல ஆவணம். தெருவில் கூவி விற்பவர்களின் கூவல்கள் கைவண்டியில் கட்டிய பதிவு ஒலிபெருக்கிகளால் மறைந்துகொண்டிருக்கின்றன. அவற்றை இப்போதே பதிவு செய்ய வேண்டும். கூட்டுக்குரல் பாடிய பெண்களின் பெயர்கள் இசைத்தட்டுகளில் பெரும்பாலும் இல்லை. உயிரோடு இருப்பவர்களிடம் கேட்டாவது பட்டியல் எடுக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், பழைய செட்டுக்காரர்களின் வீட்டுப் பரணில் கிடக்கும் இசைத்தட்டுகளையும் ஒலிநாடாக்களையும் எடைக்குப் போவதற்குள் கேட்டு வாங்கிக் கல்லூரி நூலகத்தில் சேருங்கள். இந்த ஆண்டு ஆடிக்குள் தொடங்கினால் நல்லது.