நிலமும் கிராம சபையும்

(மதுரை மாவட்டத்தில் நடைபெற்ற உழவர் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



அன்னிய நாட்டார் நம் விளைநிலத்தை வாங்கிவிடுவார்களோ என்னும் ஐயம் பலருக்கு உண்டு. சட்டம் அதற்கு இடந்தரவில்லை. 1999ஆம் ஆண்டின் அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தையொட்டிய விதிகளின்படி, வெளிநாடு சென்று வாழும் இந்தியர்கூட இங்கே விவசாய நிலத்தை விலைக்கு வாங்க இயலாது, வாரிசுரிமையாக அடையலாம்.

எல்லா நாடுகளிலும் இத்தகைய காப்பு இல்லை. மடகாஸ்கர் தீவில் 2008ஆம் ஆண்டு தென்கொரியாவின் டேவூ நிறுவனம் 13 லட்சம் ஹெக்டேர் நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற முனைந்தது. மக்கள் கொதித்தெழுந்தனர், 2009இல் வந்த புதிய ஆட்சி அதனைக் கைவிட்டது. எத்தியோப்பியாவின் காம்பெல்லாப் பகுதியில் 1 லட்சம் ஹெக்டேரைக் குத்தகைக்கு எடுத்ததோ நம் பெங்களூர் நிறுவனம் ஒன்று. அங்கே அன்னியர் நாமே! இத்தகைய இடங்களில் தலைமுறை தலைமுறையாக உழுதவரிடமும் மேய்த்தவரிடமும் பெரும்பாலும் பத்திரம் இருப்பதில்லை. ஆகவே அவர்களுடைய நிலம் ஏட்டில் வெற்று நிலமாகிவிடுகிறது.

நமக்கு இதில் பாடம் உண்டா? உண்டு. நம் சட்டம் தடுப்பது விளைநிலம் வாங்குவதைத்தான். இந்தியாவில் பதிவுபெற்ற நிறுவனம், அதன் தாய் நிறுவனம் எந்நாட்டில் இருப்பினும், கனிம ஏலத்தில் கலந்துகொள்ளலாம். நம் மேலூர் வட்டத்தின் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பகுதி, சுமார் 5,000 ஏக்கர், 2024 நவம்பரில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு ஏலத்தில் விழுந்தது. அது இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட வேதாந்தா குழுமத்தைச் சேர்ந்தது. 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பெற்ற அரிட்டாபட்டி நிலமும் அப்பரப்பில் அடங்கியிருந்தது. கிராம சபைகள் தீர்மானம் இயற்றின. டிசம்பர் 9ஆம் நாள் சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானித்தது. 2025 ஜனவரி 7ஆம் நாள் மக்கள் மதுரைக்குப் பேரணியாக வந்தனர். ஜனவரி 23ஆம் நாள் மத்திய அரசு ஏலத்தை ரத்துச் செய்தது.

ஏலம் நீங்கிற்று என்று நாம் அயர்ந்துவிடலாகாது. பாட்டனார் பெயரிலேயே பட்டா கிடக்கும் குடும்பங்கள் இன்றும் பல. அவற்றை உடனே பெயர் மாற்றிக்கொள்ளுங்கள். கண்மாய், மேய்ச்சல் நிலம், களம், மயானம் ஆகியவற்றுக்குத் தனி உடைமையாளர் இல்லை. ஆதலின் கேட்பாரற்று முதலில் கைநழுவுபவை அவையே. அவற்றின் புல எண்ணையும் பரப்பையும் கிராமக் கணக்கோடு ஒப்பிட்டு, கிராம சபையில் உரக்கப் படிக்கச் செய்யுங்கள். நிலமற்ற குடும்பத்தாரும் அன்று தவறாது வருதல் வேண்டும். ஆடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் பொது நிலத்தையே நம்பியிருப்பவர்கள் அவர்கள்தாம். ஏட்டில் உள்ள நிலத்துக்கே வழக்குண்டு. சபையில் பேசிய சொல்லுக்கே வலிமையுண்டு. இதனை மனத்திற்கொள்ள வேண்டுமெனக் கேட்டு அமைகிறேன்.