புற்றுநோய் ஒட்டிக்கொள்ளுமா?



நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகும் வீடுகள் சிலவற்றில் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்திருப்பதைப் பார்க்கிறேன். "சாமி, புத்துநோய் ஒட்டிக்கிடாதா?" என்கிறார்கள். ஒட்டாது. "பரவிவிட்டது" என்று டாக்டர் சொல்வது அந்த ஓர் உடலுக்குள்தான். முதலில் பிடித்த இடத்திலிருந்து இரத்தம், நிணநீர் வழியாக ஈரலுக்கோ எலும்புக்கோ போய்விட்டது என்று பொருள். கருப்பை வாய்ப் புற்றுக்கு ஒரு வைரஸ் காரணம்; அந்த வைரஸ் தாம்பத்திய உறவால் தொற்றும், புற்று தொற்றாது. அதற்குத் தடுப்பூசியும் உண்டு.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி தொடங்கினார். மறு வருடம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் தம் 93-ஆம் வயதில் மரிக்கும்வரை அந்நோயாளிகளின் நடுவிலேயே வாழ்ந்தார்.

வாய்ப் புற்றுக்கு முக்கிய காரணமோ நம் மடியில் முடிந்திருக்கிறது: வெற்றிலையோடு அடக்கும் புகையிலை. (பீடி சுற்றிப் பிழைக்கும் வட்டாரத்தில் இதைச் சொல்வது சங்கடந்தான், சொல்லாமலிருக்க முடியவில்லை.) வாயில் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ மூன்று வாரம் நின்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். வலியில்லையே என்று இருந்துவிடாதீர்கள், ஆரம்பத்தில் வலிக்காது. துணைக்கு ஆளில்லாதவர்கள் பங்குவீட்டில் சொல்லுங்கள், ஆள் அனுப்புகிறோம்.