பழுதுபார்க்கும் திருப்பணி



சமுதாயத் தொண்டு என்றதும் அன்னதானமும், இரத்ததானமும், ஏழை மாணவர்க்குப் புத்தகம் வழங்குதலுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஸ்பேனரும் திருப்புளியும் ஏந்தி, எண்ணெய்க் கறை படிந்த விரல்களோடு ஒருவர் செய்யும் பணியை அந்த வரிசையில் நாம் வைத்து எண்ணுவதில்லை. இன்று நான் அப்பணியைப் பற்றியே பேச விழைகின்றேன்.

கிறிஸ்துவ அன்பர்கள் இறைத்தொண்டினை 'ஊழியம்' என்பர். இயேசு பெருமான் தம் சீடர்களின் கால்களைத் தாமே கழுவினார் என்று அவர்களுடைய திருமறை கூறுகின்றது. ஆகவே, பிறர் தாழ்வென ஒதுக்கும் வேலையையும் ஊழியமாகக் கருதுவது அவர்தம் மரபு. நம் திருநாவுக்கரசர் பெருமான் உழவாரப் படையைக் கையிலேந்தி, திருக்கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கியதும் இத்தகைய தொண்டே அன்றோ? எனவே, நான் கூறப்போவது ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதென்று எவரும் எண்ண வேண்டியதில்லை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. முல்லைத்தீவு, மட்டக்களப்பு, அம்பாறை, காலி என்று கடலோரமெங்கும் வீடும் தொழிலும் அழிந்தன. பள்ளியும் வேலையும் மருத்துவமும் தொலைவாகிப்போன மக்களுக்கு எதைக் கொடுத்தால் மீண்டும் எழுந்து நிற்பார்கள் என்ற கேள்வி பிறந்தது. சிக்காகோ நகரில் மிதிவண்டி உறுப்புகள் செய்யும் ஸ்ராம் நிறுவனத்தைத் தொடங்கியோரில் ஒருவரான எஃப். கே. டே என்பவரும், அவர்தம் துணைவியார் லியா மிஸ்பாக் டேயும், "மிதிவண்டி கொடுப்போம்" என்று முன்வந்தனர். 2005இல் அவர்கள் தொடங்கிய வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீஃப் என்னும் அமைப்பு, கிறிஸ்துவத் தொண்டு நிறுவனமாகிய வேர்ல்ட் விஷனுடன் கைகோத்து, இலங்கையில் 24,000க்கும் மேற்பட்ட மிதிவண்டிகளை வழங்கியது.

கொடுத்தல் எளிது. கொடுத்த பொருள் ஓராண்டு கழித்தும் ஓடிக்கொண்டிருக்கின்றதா என்பதே கேள்வி. அக்கேள்விக்குரிய விடையை ஆப்பிரிக்காவிலுள்ள ஸாம்பியா நாட்டில் காண்கின்றோம்.

அக்காலத்தில் ஸாம்பியாவில் பெரியவர்களில் ஏறத்தாழ ஏழு பேருக்கு ஒருவர் எய்ட்ஸ் நோய்க் கிருமியால் பாதிக்கப்பட்டிருந்தனர். மருத்துவமனை எட்டாத கிராமங்களில், படுக்கையில் கிடந்தோரை வீடு தேடிச் சென்று கவனித்தவர்கள் ஊதியம் பெறாத தொண்டர்கள். அவர்களுள் தேவாலயங்களைச் சேர்ந்தோர் பலர். வேர்ல்ட் விஷன் தலைமையில், இரட்சணிய சேனை, கத்தோலிக்க நிவாரண சேவை முதலிய அமைப்புகள் கூட்டாக நடத்திய திட்டத்தின் கீழ், 2006 முதல் இத்தகைய தொண்டர்களுக்கு ஏறத்தாழ 23,000 மிதிவண்டிகள் வழங்கப்பட்டன. நடந்து சென்றபோது ஒருவரைக் காணவே பொழுது சாய்ந்துவிடும். வண்டி கிடைத்தபின் அதே பொழுதில் பலரைக் காண முடிந்தது. ஆனால், அந்த வண்டியின் செயின் அறுந்தால் நிற்பது வண்டி மட்டுமன்று. ஒரு குடிசையிலே நோயாளி ஒருவர் வாசலைப் பார்த்தபடியே காத்துக் கிடப்பார்.

இந்த உண்மையை உணர்ந்ததால்தான் அவர்கள் இரண்டு காரியங்களைச் செய்தனர். கடைகளில் கிடைத்த மெலிந்த வண்டிகள் அந்தக் காட்டுப் பாதைக்குத் தாங்கவில்லை என்று கண்டு, 'பஃபலோ', அதாவது எருமை என்னும் பெயரில் உறுதியான வண்டியொன்றை உருவாக்கினர். அதன் எடை ஏறத்தாழ 23 கிலோ. பின்புறக் கேரியரில் 100 கிலோ வரை ஏற்றலாம். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் நிற்கும் பிரேக் கொண்டது. அழகிய வண்டி என்று எவரும் கூற மாட்டார். பெயருக்கேற்ற உழைப்பாளி, அவ்வளவே. அதைவிட மேலான காரியம், உள்ளூர் மக்களையே தேர்ந்தெடுத்துப் பழுதுபார்க்கும் பயிற்சியளித்து, கருவிப் பெட்டியும் கொடுத்து, உதிரி உறுப்புகள் கிடைக்கவும் வழிசெய்ததாகும். பயிற்சி பெற்றோர் அத்தொழிலால் வருவாயும் ஈட்டினர்.

"காசு வாங்கினால் அது தொண்டாகுமா?" என்று சிலர் கேட்பர். ஆகும் என்பதே என் கருத்து. எல்லாவற்றையும் இலவசமாகச் செய்தால், ஊரில் அத்தொழிலை நம்பிப் பிழைக்கும் ஒருவரின் கடையை நாமே மூடியவர்களாவோம். கைப்பணம் தீர்ந்ததும் நம் தொண்டும் நின்றுவிடும். முதியோர், பள்ளிப் பிள்ளைகள், நோயாளியைக் காக்கச் செல்வோர் ஆகியோரிடம் கூலி வாங்காது, உறுப்பின் விலையை மட்டும் பெறலாம். மற்றவர் கூலியும் தரட்டும். அதிலே குறைவொன்றுமில்லை.

இனி, நம் தோட்டத்திற்கு வருவோம். மோட்டார் சைக்கிள்கள் பெருகிவிட்டன, உண்மைதான். ஆயினும் லயங்களின் பின்புறம் சென்று பாருங்கள். டயர் இறங்கியும், பிரேக் கட்டை தேய்ந்தும், துருவேறியும் கிடக்கும் மிதிவண்டிகள் எத்தனை! அவற்றுள் பல, சிறு கோளாறுக்காக ஒதுக்கப்பட்டவை. அவ்வண்டிக்குரிய பிள்ளையோ பள்ளிக்கு நடந்து செல்கின்றது. கோயில் கொட்டகையோ, சிற்றாலயத் தாழ்வாரமோ, இளைஞர் மன்ற அறையோ ஒன்று போதும். இரண்டு மூன்று இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் வேலை தொடங்கிவிடும்.

முதலில் பழக வேண்டியது பஞ்சர் ஒட்டுதல். டியூபில் காற்றடித்துத் தண்ணீரில் அமிழ்த்தினால் குமிழி வருமிடத்தில் துளை தெரியும். அவ்விடத்தைத் துடைத்து உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்து, சொலுஷன் தடவி, அது விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பின்னரே ஒட்டைப் பதிக்க வேண்டும். அவசரக்காரர் பிழைவிடும் இடம் இதுதான். டியூபைத் திரும்ப மாட்டுமுன் டயரின் உட்புறத்தைத் துணியால் மெல்லத் தடவிப் பாருங்கள். குத்திய முள் அங்கேயே இருந்தால், ஒட்டிய வேலை அடுத்த வளைவிலேயே வீணாகும்.

செயினில் 24 கண்ணிகளை அளந்து பாருங்கள். புதிய செயினாயின் சரியாக 12 அங்குலம் இருக்கும். அரைக்கால் அங்குலம் நீண்டிருந்தால் செயினோடு பற்சக்கரமும் தேய்ந்துவிட்டதென்று அறியலாம். இடப்பக்கப் பெடலின் புரி மற்றவற்றுக்கு எதிர்த்திசையில் செல்லும். இது தெரியாமல் பலம் கொண்டு திருகிப் புரியைக் கெடுத்தவர் பலர். பிரேக் சரியாகப் பிடிக்காத வண்டியை, எவ்வளவு அவசரமென்று கேட்டாலும் வெளியே விடாதீர்கள்.

ஒரு கணக்குப் புத்தகம் வையுங்கள். எவருடைய வண்டி, என்ன கோளாறு, எந்த உறுப்புக்கு எத்தனை வெள்ளி என்று எழுதிவையுங்கள். காசு விஷயத்தில் பின்னர் மனத்தாங்கல் எழாது. முதல் ஞாயிறன்று பள்ளிப் பிள்ளைகளின் வண்டிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலையில் அவை சாலையில் ஓட வேண்டும்.